ஒரு வருடம் மூத்த துணை

மன்னாரிலிருந்து வவுனியாவுக்கு பஸ் ஏறிப் பழகியவர்களுக்குப் பம்பைமடு புது இடமல்ல. முருங்கன், மடுச் சந்தி, பறயனாலங்குளம், பூவரசங்குளம் எல்லாம் தாண்டி, டவுனுக்குள் போகுமுன்னமே வந்துவிடும். வவுனியாப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகிய இது, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தை நம்பி வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடக் கிட்டிய பல்கலைக்கழகம் கிடையாது. ஆனாலும் முதல் மாதம் அந்த வாசல் தூரதேசம் மாதிரித்தான் இருக்கும்.

இலங்கையில் பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளின் இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு, மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மன்னாரும் அந்தப் பதினாறில் ஒன்று. இப்படித் தெரிவாகிப் போகும் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டிலிருந்து கம்பஸ் வாசலை மிதிக்கும் முதல் ஆள். காலபோக வேலைக்கு நடுவே அப்பா கூட வந்தாலும், பெட்டியை விடுதியில் இறக்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பத்தான் முடியும். அதற்குப் பிறகு யாரைக் கேட்பது?

இந்தக் கேள்விக்குப் பதிலாக வருகிறவர்தான் மாணவ வழிகாட்டி. விரிவுரையாளரும் இல்லை, அதிகாரியும் இல்லை. இரண்டாம், மூன்றாம் வருடத்தில் படிக்கிற ஒரு அக்காவோ அண்ணாவோ. அவருக்குத் தெரிந்த விஷயங்கள் கையேட்டிலும் இருக்கும், ஆனால் கையேட்டை யார் வாசிக்கிறார்கள்? பல பீடங்களில் விரிவுரை வரவு 80 வீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுதுவதே சிக்கல். ஒரு பாடத்தில் தவறி மறுமுறை எழுதினால், எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பெரும்பாலும் ‘சி’க்கு மேல் தரமாட்டார்கள். மகாபொல உதவித்தொகை, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. என்றாலும் முதல் தவணை கைக்கு வரச் சில மாதம் எடுக்கலாம், அதுவரைக்கும் வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். இதையெல்லாம் முதல் கிழமையே ஒருவர் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும்.

இனிக் குப்பிக்கு வருவோம். கம்பஸில் படித்த நேயர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பீர்கள். பரீட்சை கிட்டும்போது, பின்னேரம் வெறுமையாகக் கிடக்கும் வகுப்பறையிலோ விடுதி மண்டபத்திலோ சீனியர் ஒருவர் தானாக எடுக்கும் வகுப்புக்குத்தான் குப்பி என்று பெயர். சம்பளம் இல்லை, நேர அட்டவணையில் இடமும் இல்லை. பெரும்பாலும் கடந்தகால வினாத்தாள்தான் பாடப்புத்தகம்.

தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்து வந்தவருக்கு, முதல் வருடக் கணித விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. பலகையில் எப்சிலன், டெல்டா. மண்டபத்தில் நூறு பேர் இருக்கையில் கையை உயர்த்தி ‘சேர், விளங்கேல்ல’ என்று சொல்ல நாக்கு வராது. குப்பியில் வரும். நல்ல சீனியர் அங்கே திரும்ப ஒரு விரிவுரை நடத்தமாட்டார். மாக்கரை ஜூனியரிடம் கொடுத்து, ‘நீ உயர்தரத்தில் எல்லை கணித்தாய்தானே, அதிலொன்றைப் போடு’ என்பார். பிள்ளை போட்டதும், ‘எக்ஸ் எவ்வளவு கிட்ட வந்தால் இந்த விடை எவ்வளவு கிட்ட வரும்?’ என்று கேட்பார். அந்த ‘எவ்வளவு’ இரண்டும்தான் டெல்டாவும் எப்சிலனும் என்று பிடிபடும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேணும்! தான் போன வருடம் எந்த வரியில் தடக்குப்பட்டோம் என்பது சீனியருக்கு இன்னும் மறக்கவில்லை. முப்பது வருடம் படிப்பித்த பேராசிரியருக்கு அந்த வரி எப்போதோ மறந்துபோயிருக்கும்.

1973 இல் அமெரிக்காவின் மிசூரி-கன்சாஸ் சிற்றி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் என்பவர் ஏறக்குறைய இதையே ஒழுங்கான திட்டமாக்கினார். கெட்டிக்காரர், மந்தமானவர் என்று பிள்ளைகளைப் பிரிக்காமல், அதிகம் பேர் தவறும் பாடங்களை அவர் தெரிந்தெடுத்தார். அந்தப் பாடத்தில் ஏற்கெனவே நன்றாகச் சித்தியடைந்த மூத்த மாணவர், ஜூனியர்களோடு அதே விரிவுரையில் மறுபடி குந்தியிருந்து, பிறகு கிழமைதோறும் அவர்களைக் கூட்டிப் பேசவைப்பார். யார் வேண்டுமென்றாலும் வரலாம் என்பதால் வருகிறவருக்கு வெட்கமில்லை. இந்தத் திட்டம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. எங்கள் குப்பிக்குக் குறைவு ஒன்றுதான்: பரீட்சைக்கு முதல் கிழமைதான் ஞாபகம் வரும்.

சீனியர் என்றதும் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாமார் சிலருக்கு நெஞ்சு பதறும்; தெரியும். 1997 இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போன செல்வநாயகம் வரப்பிரகாஷ், பகிடிவதையில் கட்டாயப்படுத்திய உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடமே 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது: இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, கடுங்காயமோ பாலியல் துன்புறுத்தலோ என்றால் பத்து வருடம் வரை. சட்டம் வந்தும் பழக்கம் முற்றாகப் போகவில்லை. ‘பகிடிவதை இருந்தால்தான் சீனியரோடு பழக்கம் வரும்’ என்று இன்றும் வாதாடுகிறவர்கள் ஒருநாள் குப்பிக்கு வந்து பின்வாங்கில் இருந்து பார்க்கட்டும்.

வழிகாட்டிக்கும் எல்லை உண்டு. சாப்பிடாமல், நித்திரையில்லாமல், அறையைவிட்டு வெளியே வராமல் இருக்கும் ஜூனியரைத் தனியே சுமக்கப் போகக்கூடாது. மாணவ ஆலோசகரிடம் கூட்டிப்போக வேணும். இரவு என்றால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926 இருக்கிறது.

நேரம் முடிகிறது என்று கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். நானாட்டான், அடம்பன், உயிலங்குளம், பேசாலைப் பக்கம் இந்த வருடம் கம்பஸ் கடிதத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்து வீட்டில், இரண்டாம் வருடத்தை முடித்துவிட்டு லீவுக்கு வந்திருக்கும் அண்ணாவோ அக்காவோ இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் முதல் வருடக் குறிப்புக் கொப்பிகளையும் வினாத்தாள் கட்டையும் பழைய பேப்பரோடு நிறுக்கக் கொடுத்துவிடாதேங்கோ. ஆள் வந்து கதவைத் தட்டும்வரை வைத்திருங்கோ.