துணை மின்சாரத்துக்கு ஒரு தேர்வு



பெரிய ஆலைகளிலே மின்சாரம் தடைப்பட்டவுடன் கைகொடுப்பவை மின்கலங்கள். அவற்றைத் தொடர்ந்து பாரத்தை ஏற்பவை டீசல் மின்பிறப்பாக்கிகள். இவற்றைக் குறித்த நாளில் இயக்கிப் பார்த்து, "குறையில்லை" என்று பதிவேட்டில் எழுதிவிட்டாற் போதுமா?

சுவீடன் நாட்டின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்திலே, 2006ஆம் ஆண்டு ஜூலை 25ஆந் தேதி, வெளி மின்முற்றத்திற் பராமரிப்பு வேலை நடக்கையில் குறுஞ்சுற்று ஏற்பட்டது. மின்னழுத்தம் முதலில் தாழ்ந்து, பின்னர் அளவுக்கு மிஞ்சி எழுந்தது. தடையின்றி மின் வழங்கவேண்டிய நான்கு தொகுதிகளுள் இரண்டு அவ்வெழுச்சியைத் தாங்காது நின்றுவிட்டன. மின்கலங்கள் பழுதுபடவில்லை, அவற்றின் மின்னை மாற்றி அனுப்பும் கருவிகளே நின்றன. அத்தொகுதிகளை நம்பியிருந்த இரு மின்பிறப்பாக்கிகள் ஓடத் தொடங்கியும் தாமாக இணையவில்லை. ஏறத்தாழ 22 நிமிடங்களின் பின்னரே பணியாளர் அவற்றைக் கையால் இணைத்தனர். மற்றைய இரு தொகுதிகளும் நிலையத்தைக் காத்தன.

நான்கும் ஒரே வகையின. ஆதலின் ஒரே குறை நான்கையும் வீழ்த்தியிருக்கலாம்.

படித்த வினாவையே மீண்டும் கேட்பது தேர்வாகாது. அழுத்தம் தாழும்போதும் மிகும்போதும் கருவி என்ன செய்யும், ஒரு துணை எந்தத் துணையிலே தங்கியுள்ளது என்பனவற்றையும் சோதித்தல் வேண்டும். சோதனைப் பதிவேட்டில் இடப்படும் கையொப்பம் வெறும் மையன்று. அதனை நம்பிப் பல உயிர்கள் இருக்கின்றன.