பதினெட்டு வாரமும் ஒரு மழைக்காலமும்

மாரத்தான் பயிற்சித் திட்டம் பந்தய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி எழுதப்படுகிறது. 42.195 கிலோமீட்டர் ஓடவேண்டிய நாளைக் கடைசிக் கட்டத்தில் வைத்து, அங்கிருந்து 12 வாரமோ 16 வாரமோ 18 வாரமோ பின்னால் போய் முதல் நாளைக் குறிக்கிறார்கள். இடையிலுள்ள ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் உண்டு. எவ்வளவு தூரம், மெதுவாகவா வேகமாகவா, எந்த நாள் ஓய்வு என்று அந்தக் கட்டம் சொல்லும். வேலைக்குப் போய்க்கொண்டே ஓடுகிறவர்களில் பலர் பயிற்சியாளர் வைத்துக்கொள்வதில்லை. புத்தகத்திலோ கைபேசிச் செயலியிலோ கிடைக்கும் இந்தக் கட்டங்கள்தான் அவர்களுக்கு வாத்தியார். அந்த வாத்தியார் தன் மாணவனைப் பார்த்ததே இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இன்றைய திட்டங்களில் பலவற்றின் எலும்புக்கூடு நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் வகுத்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் பீட்டர் ஸ்னெல்லும் 5,000 மீட்டரில் முர்ரே ஹால்பெர்க்கும் தங்கம் வென்றார்கள். இருவரும் அவரிடம் பயின்றவர்கள். முதலில் பல வாரம் நிதானமான நீண்ட ஓட்டம், பிறகு மேட்டில் ஏறும் பயிற்சி, அதன்பின் வேகம், பந்தயம் நெருங்கும்போது சுமையைக் குறைத்தல். இந்த வரிசை சாதாரண மனிதர்களுக்கான திட்டங்களிலும் தங்கிவிட்டது. வாரத்துக்கு ஒரு நெடு ஓட்டம் உண்டு. சென்னையில் ஓடுகிறவர்கள் அதை ‘லாங் ரன்’ என்றே சொல்வார்கள். அது படிப்படியாக நீண்டுகொண்டே போய், பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது உச்சத்தைத் தொடும். பிறகு தூரம் குறையும். அந்தக் கட்டத்துக்கு ‘டேப்பர்’ என்று பெயர்.

இந்த எலும்புக்கூட்டின் மேல் சதை பூசுவதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறார்கள். அமெரிக்கரான ஹால் ஹிக்டன் முதல்முறை மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு எழுதிய 18 வாரத் திட்டத்தில் வாரத்துக்கு நான்கு நாள்தான் ஓட்டம். முதல் வார நெடு ஓட்டம் 6 மைல், அதாவது ஏறக்குறைய 10 கிலோமீட்டர். பதினைந்தாவது வாரத்தில் அது 20 மைல், 32 கிலோமீட்டர். ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் உருவான திட்டம் வாரத்துக்கு மூன்றே நாள் ஓடச் சொல்கிறது. ஆனால் மூன்றும் கடினமானவை, அதோடு இரண்டு நாள் சைக்கிளோ நீச்சலோ வேண்டும். ஹான்சன் சகோதரர்களின் திட்டத்தில் ஆறு நாள் ஓட்டம். நெடு ஓட்டம் மட்டும் 16 மைலைத் தாண்டாது. பீட் ஃபிட்சிங்கரின் திட்டங்களில் எளியது என்று சொல்லப்படுவதே உச்ச வாரத்தில் 88 கிலோமீட்டரைக் கேட்கும். ஏற்கெனவே சில மாரத்தான் ஓடியவர்களுக்கே அது ஏற்றது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, ஓடுவதற்கு நடுநடுவே களைப்பு வருவதற்கு முன்பே நடக்கச் சொன்னார். நடந்தால் மானம் போய்விடும் என்று நினைப்பவர்கள் முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு எப்படியும் நடக்கத்தான் செய்கிறார்கள்.

இவற்றில் எதைத் தேர்வது என்பதற்குப் பலரும் கையாளும் வழி, நினைத்த நேரத்தில் முடிக்க வைக்கும் திட்டம் எது என்று தேடுவது. நான்கு மணி நேரத்தில் முடிக்க ஆசை. ஆகவே நான்கு மணித் திட்டம். இது தலைகீழ் வழி. திட்டத்தின் கடைசி வரியைப் பார்த்துத் தேர்வதைவிட முதல் வாரத்தைப் பார்த்துத் தேர்வதே சரி. கடந்த ஒரு மாதமாக ஒருவர் ஓடிவரும் தூரமும் அந்த முதல் வாரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். வாரத்துக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறவர் 40 கிலோமீட்டரில் தொடங்கும் திட்டத்தை எடுத்தால், நான்காவது வாரத்தில் கெண்டைக்காலோ முழங்காலோ கணக்கைக் கேட்கும். அடுத்து பார்க்க வேண்டியது, வாரத்தில் உண்மையிலேயே எத்தனை நாள் கிடைக்கும் என்பது. இதுவரை ஓடியே பழகாதவருக்கு மாரத்தான் திட்டமே வேண்டாம். ஓட்டத்தையும் நடையையும் கலந்து ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டருக்குக் கொண்டுபோகும் திட்டத்தை 1996-ல் ஜோஷ் கிளார்க் என்பவர் எழுதினார். அது இன்றும் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதியையும் ஓடுகிறவர்கள் வேதவாக்காகச் சொல்வதுண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை இந்த விதிப்படி 13 வாரமும் மற்றவர்களை 8 வாரமும் பழக்கினார்கள். இரு பிரிவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். பெரிய வேறுபாடு இல்லை. 2008-ல் வெளிவந்த இந்த முடிவு, எப்படி வேண்டுமானாலும் கூட்டலாம் என்று அனுமதி தரவில்லை. விதியைக் காப்பாற்றினால் காயமே வராது என்ற நம்பிக்கையைத்தான் அது கலைத்தது.

இனி இந்தக் கட்டங்களை வடசென்னையில் விரித்துப் பார்க்கலாம். சென்னை மாரத்தான் ஜனவரி முதல் வாரத்தில் வருகிறது. அண்மை ஆண்டுகளில் அது நேப்பியர் பாலத்தருகே தொடங்கித் தெற்கு நோக்கிப் போகிறது. ராயபுரத்துக்கோ திருவொற்றியூருக்கோ எண்ணூருக்கோ வருவதில்லை. அங்கிருந்து ஓடப் போகிறவர்கள் உண்டு. ஆனால் பயிற்சி அவரவர் பகுதியில்தான். ஜனவரிப் பந்தயம் என்றால் பயிற்சி செப்டம்பரில் தொடங்க வேண்டும். அப்படியானால் நெடு ஓட்டங்கள் நீளும் வாரங்கள் நவம்பரிலும் டிசம்பரிலும் வந்து விழும். வடகிழக்குப் பருவமழைக்கும் அதுதான் காலம்.

2024 ஜனவரி 6 அன்று நடந்த சென்னை மாரத்தானை வைத்து ஹிக்டனின் 18 வாரத்தை எண்ணினால் படம் தெளிவாகும். முதல் வாரம் 2023 செப்டம்பர் 4, திங்கட்கிழமை. பத்தாவது வாரத்தின் இறுதியில் 15 மைல், 24 கிலோமீட்டர் ஓட வேண்டும். அந்த ஞாயிறு, நவம்பர் 12, தீபாவளி. எண்ணெய்க் குளியலுக்கும் பலகாரத்துக்கும் நடுவே இரண்டரை, மூன்று மணி நேரத்தை யார் தருவார்கள்? பதின்மூன்றாவது வாரத்தின் இறுதியில் 29 கிலோமீட்டர். அது டிசம்பர் 2, 3. மிக்ஜாம் புயலின் மழை 3-ஆம் தேதி வலுத்து, 4-ஆம் தேதி சென்னையை மூழ்கடித்தது. அடுத்த வாரம் முழுவதும் வடசென்னையின் தெருக்களில் வெள்ளம்; எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடும் பரவியது. அந்த வாரத்துக் கட்டத்தில் 22 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும். டிசம்பர் 16, 17-ல் 32 கிலோமீட்டர் உச்ச ஓட்டம். பதினேழாவது வாரம் உடலுக்கு ஓய்வு தரவேண்டிய வாரம்; டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு ஓடினார்கள். அந்த ஓட்டம் எந்த அட்டவணையிலும் இல்லாதது.

ஒவ்வொரு ஆண்டும் இப்படியிருக்காது. ஆனாலும் இரண்டு மூன்று வாரத்தை மழை தின்றுவிடும் என்று முன்கூட்டியே கணக்கு வைப்பது இங்கே அவசியம். அனுபவமுள்ளவர்கள் 18 வாரத் திட்டத்தை எடுத்துக்கொண்டு ஆகஸ்டிலேயே தொடங்குகிறார்கள். மிஞ்சும் வாரங்கள் இழப்புக்கான இருப்பு. மழையால் ஒரு வாரம் போனால், போன தூரத்தை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடக் கூடாது. அந்தக் கட்டங்கள் போனது போனதுதான். நாட்காட்டியில் இன்று எந்த வாரமோ அதிலிருந்து தொடரலாம். இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால் கடைசியாக ஓடிய தூரத்துக்கும் சற்றுக் கீழிருந்து ஏற வேண்டும். காய்ச்சல் வந்து எழுந்தவருக்கும் இதே கணக்கு. அட்டவணையில் பின்தங்கிவிட்டோம் என்ற பதற்றத்தில் ஒரே வாரத்தில் இரண்டு நெடு ஓட்டம் ஓடுகிறவர்தான் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்.

இந்தத் திட்டங்கள் எல்லாம் ஏழு நாள் வாரத்தை நம்பி எழுதப்பட்டவை. சனி, ஞாயிறு விடுமுறை என்பது அவற்றின் அடித்தளம். திருவொற்றியூர், எண்ணூர், மணலி தொழிற்சாலைகளிலும் துறைமுகத்திலும் அனல் மின் நிலையங்களிலும் வேலை மூன்று ஷிப்டில் சுழல்கிறது. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வீடு திரும்புகிறவருக்கு ‘செவ்வாய் காலை 8 கிலோமீட்டர்’ என்ற கட்டத்தால் பயனில்லை. அவர் கட்டங்களைக் கிழமையோடு கட்டாமல் வரிசையோடு கட்ட வேண்டும். நெடு ஓட்டம் வார விடுப்பு நாளுக்குப் போகும், அது புதன்கிழமையாகவே இருந்தாலும். வேக ஓட்டமும் நெடு ஓட்டமும் அடுத்தடுத்த நாளில் வராமல் இருந்தால் போதும்; நடுவே குறைந்தது ஒரு நாள் மெதுவான ஓட்டமோ ஓய்வோ. நைட் ஷிப்ட் வாரத்தில் வேக ஓட்டத்தையே விட்டுவிடலாம். தூக்கம் குறைந்த உடலில் வேகத்தை ஏற்றினால் பயிற்சி சேராது, களைப்பு மட்டுமே சேரும். ஏழு நாளில் அடங்காதவர்கள் ஒரு ‘வாரத்தை’ பத்து நாளாக நீட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது மொத்தத் திட்டம் நீளும். தொடக்கத்தை இன்னும் முன்னால் தள்ள வேண்டும்.

எங்கே ஓடுவது என்ற கேள்வி தென்சென்னையில் அவ்வளவு பெரிதல்ல. அங்கே மெரினா இருக்கிறது. அந்த அகன்ற மணல் வந்த கதையும் வடசென்னையின் கதைதான். வங்கக் கடலோரத்தில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்ததும் மணல் தெற்கே தேங்கி மெரினாவை அகலமாக்கியது. வடக்கே கடல் ராயபுரத்திலிருந்து கரையைத் தின்னத் தொடங்கியது. இன்று காசிமேட்டுக்கு வடக்கே பல இடங்களில் கடலுக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது கருங்கல் குவியலும் தூண்டில் வளைவுகளும். அதை ஒட்டிய எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவிலும் வரிசைகட்டும். விடியலுக்கு முன் அங்கே காதில் பாட்டுக் கருவி மாட்டிக்கொண்டு ஓடுவது வீரமல்ல. ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் வாங்க வரும் கூட்டத்துக்குள் எந்த வேக ஓட்டமும் ஓடாது. ஆகவே வாரநாள் ஓட்டங்களை உள்தெருக்களிலும் மாநகராட்சி விளையாட்டுத் திடல்களிலும் சுற்றிச் சுற்றி முடித்துவிட்டு, நெடு ஓட்டத்துக்கு மட்டும் மெரினா பக்கம் போவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. விம்கோ நகர் வரை மெட்ரோ 2021-ல் வந்துவிட்டது. ஆனால் நெடு ஓட்டம் தொடங்கும் நாலு மணிக்கு அதுவும் உறங்கிக்கொண்டிருக்கும்.

ஊர் தட்டையானது; அதனால் லிடியார்டின் மேட்டுப் பயிற்சிக்கு மேம்பாலம்தான் மலை. போக்குவரத்துள்ள மேம்பாலத்தில் ஓடுவதைவிட அந்தக் கட்டத்தை மாடிப்படி ஏறுவதாக மாற்றிக்கொள்வது பாதுகாப்பானது.

வெப்பமும் ஈரப்பதமும் அட்டவணையின் வேகக் கட்டங்களைக் கேலி செய்யும். ஜாக் டேனியல்ஸ் போன்ற பயிற்சியாளர்களின் அட்டவணைகள் ஒருவரின் பழைய பந்தய நேரத்தை வைத்து, மெதுவான ஓட்டம் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று தருகின்றன. அந்தப் பந்தயம் ஜனவரி விடியலில் ஓடியதாக இருந்தால், அந்த எண்ணை அப்படியே செப்டம்பரில் பிடிக்க முயல்வது வீண். ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை, உடல் போதிய அளவு குளிர்வதில்லை, இதயம் கூடுதலாக அடிக்கிறது. மெதுவான ஓட்டத்தில் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே நம்பத்தக்க அளவுகோல். மூச்சு வாங்கிச் சொற்கள் துண்டானால், கடிகாரம் என்ன சொன்னாலும் வேகம் அதிகம். காற்றின் தரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-லேயே கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் குறியீடு 200-ஐத் தாண்டினால் ‘மோசம்’ என்று காட்டும். ஓடும்போது ஒருவர் இழுக்கும் காற்று சும்மா இருக்கும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. அத்தகைய காலையில் வேக ஓட்டத்தை இன்னொரு நாளுக்குத் தள்ளுவதால் ஒன்றும் குறைந்துவிடாது.

எல்லாவற்றிலும் பெரிய விவாதம் அந்த 32 கிலோமீட்டர் பற்றியது. சென்னை மாரத்தானில் ‘பெர்ஃபெக்ட் ட்வென்டி மைலர்’ என்று 32.186 கிலோமீட்டருக்கென்றே ஒரு பந்தயப் பிரிவு வைக்கும் அளவுக்கு அந்த எண் ஓடுகிறவர்களின் மனத்தில் ஊறியிருக்கிறது. அது மைல் கணக்கில் உருண்டையாக வந்த எண், அவ்வளவுதான். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்தில் ஓடுகிறவர் அதை 2 மணி 40 நிமிடத்தில் முடிப்பார். எட்டு நிமிடத்தில் ஓடுகிறவருக்கு 4 மணி 15 நிமிடத்துக்கு மேல். இரண்டும் ஒரே பயிற்சி அல்ல. டேனியல்ஸ் நெடு ஓட்டத்துக்கு இரண்டரை மணி நேரத்தை எல்லையாக வைத்தார். ஹான்சன் சகோதரர்கள் 26 கிலோமீட்டரோடு நிறுத்தியது, வாரம் முழுவதும் சேரும் களைப்பே பந்தயத்தின் பின்பாதிக்குப் பழக்கும் என்று கருதியதால். மெதுவாக ஓடுகிறவருக்குச் சென்னை வெயிலில் நேரக் கணக்கே பொருந்தும். நான்கேகால் மணி நேர ஓட்டத்தை மூன்றரை மணிக்குத் தொடங்கினாலும், கடைசி ஒன்றரை மணி நேரம் வெயில் ஏறிவிடும். மூன்று, மூன்றேகால் மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு மறுநாள் சிறு ஓட்டம் ஓடுவது அதைவிடப் பயன் தரும்.

டேப்பர் வாரங்களில் தூரம் குறையும்போது கால் கனப்பதும் இல்லாத வலி தோன்றுவதும் இயல்பு. விட்டுப்போன கட்டங்களை அப்போது எடுத்துப் பூர்த்தி செய்ய நினைப்பதுதான் கடைசிப் பொறி. அந்த மூன்று வாரத்தில் ஓடும் எந்த நெடு ஓட்டமும் பந்தய நாளுக்குள் பலனாக மாற நேரமில்லை.

பந்தயம் முடிந்த பிறகும் அட்டவணைக்குச் சில கட்டங்கள் பாக்கி. முதல் சில நாள் ஓட்டமில்லை, நடை மட்டும். அதன்பின் ஒரு வாரம் வலியில்லாத அளவுக்குச் சிறு ஓட்டம். 2024-ல் பந்தயம் முடிந்த எட்டாம் நாள் போகி. அன்று விடியற்காலை தெருவெல்லாம் புகை; எப்படியும் ஓட ஏற்ற காலையில்லை.