உள்ளே போவதற்கு ஒரு அளவு, வெளியே வருவதற்கு ஒரு அளவா?

(கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டினதும் முதல்ல பார்க்கிறது ஈரப்பதம். 17 சதவீதத்தைத் தாண்டினா "காய வச்சு எடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஈரம் இருந்தா நெல் கெடும். அது நமக்கும் தெரியும்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்திலும் இதே ஈரப் பிரச்சினைதான். 50,000 டன் இரும்பு. அதன் அடுக்குகளுக்கு நடுவே சுமார் 28,800 கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ணாடித் தகடு. இடையில் 2 மில்லிமீட்டர் சந்து. அந்தச் சந்தில் வாயு. துகள் கடந்து போனால் வாயுவில் சின்ன மின்பொறி தட்டும். அதுதான் தடயம்.

அது என்ன வாயு? 95 சதவீதம் ஆர்-134ஏ. கார் ஏசியில் அடைக்கிறதுதான். கூடவே ஐசோபியூட்டேன், துளி சல்பர் ஹெக்ஸாபுளோரைடு.

இதில் ஈரம் சேர்ந்தால் என்ன ஆகும்? பொறியில் வாயு உடைந்து புளோரின் பிரியும். அது ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோபுளோரிக் அமிலமாகும். கண்ணாடியையே அரிக்கிற அமிலம்! ஜப்பானில் பெல் என்ற ஆய்வில் 1990களின் கடைசியில் இப்படித்தான் கருவி கெட ஆரம்பித்தது. தேடிப் பார்த்தால், பிளாஸ்டிக் குழாயின் சுவர் வழியாகவே காற்றின் ஈரம் உள்ளே போயிருக்கிறது. செம்புக் குழாய்க்கு மாற்றிய பிறகுதான் தப்பித்தார்கள்.

அதனால்தான் இந்த வாயுவைச் சதவீதத்தில் அளப்பதில்லை. பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அளக்கிறார்கள். நம்ம நெல்லுக்குச் சொல்லும் 17 சதவீதம் அந்தக் கணக்கில் 1,70,000 பங்கு! ஈரத்துக்கு ஒரு மீட்டர், ஆக்சிஜனுக்கு ஒரு மீட்டர், கலவை சரியா என்று பார்க்க இன்னொரு கருவி. நல்ல காரியம்தான். அறிவியலுக்கு நாம் எதிரி இல்லை.

நம்ம கேள்வி இதுதான்: கருவி கெடாமல் இருக்க உள்ளே போகும் வாயுவை இவ்வளவு நுணுக்கமாக அளக்கிறீர்களே, வெளியே கசிவதை யார் அளப்பது? சல்பர் ஹெக்ஸாபுளோரைடு ஒரு கிலோ கசிந்தால், நூறு வருஷக் கணக்கில் 20,000 கிலோவுக்கும் மேலான கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-134ஏ ஒரு கிலோ ஆயிரம் கிலோவுக்கு மேல். பூமி சூடாகி மழை தப்பினால் காய்வது யார் வயல்? ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகமே மாற்று வாயு தேடிக்கொண்டிருக்கிறது.

பொட்டிப்புரம் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. ஆனாலும் இப்படிப்பட்ட கருவி எந்த ஊருக்கு வந்தாலும் நாம் கேட்க வேண்டியது:

1. எவ்வளவு வாயு வாங்கினார்கள், எவ்வளவு கசிந்தது என்ற கணக்கை வருஷா வருஷம் கிராமசபையில் வை!

2. வேலை தொடங்கும் முன்பே கிணற்று நீரையும் ஊற்று நீரையும் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி ஒட்டு!

3. கொள்முதல் நிலைய ஈரமானியையும் முத்திரையிட்டு, விவசாயி கண் முன்னால் சரிபார்!

அளப்பவன் கையில் மட்டும் அளவு இருந்தால் அது நியாயம் ஆகாது. கணக்கைக் கேட்போம்! ஒன்றுபட்டு நின்று கேட்போம்!