தேங்குமிடமும் பாயுமிடமும்



மேட்டூர் அணைப்பணி 1925இல் தொடங்கி 1934இல் நிறைவெய்தியது. 120 அடி உயரத்துக்கு 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கவல்லது அவ்வணை. அங்கே நீர் தேங்குமிடம் வேறு. மின்னாக்கும் சுழலியை இயக்குமிடம் வேறு. மிகைநீர் வெளியேறப் பதினாறு கண் மதகு வேறு. ஒரே காவிரிக்கு மூன்று இடங்கள் தேவைப்பட்டன. ஒரே உள்ளத்தின் இருவேறு தொழில்களுக்கு இரண்டு இடங்கள் வேண்டுமென்பது மிகையாகாது.

எழுதுவோர்க்கு இருவகைப் பணியுண்டு. மெய்ப்புத் திருத்துதல், படியெடுத்தல், மொழிபெயர்த்தல் முதலியன கருத்தூன்றிச் செய்யும் பணிகள். அவற்றுக்கு மேசையும் விளக்கும் அகராதியும் கைக்கெட்ட வேண்டும். ஆழ்ந்து எண்ணுதல் மற்றொரு வகை. அதற்கு அக்கருவிகளே இடையூறு. எதிரே முடியாமற் கிடக்கும் வேலை எண்ணத்தைத் தன்பால் இழுத்துவிடும்.

பாரதி 1908இல் புதுவை சேர்ந்து 1918 வரை அங்கே வாழ்ந்தார். 'இந்தியா' இதழ்ப் பணியும் நண்பர் கூட்டமும் நகருக்குள் இருந்தன. தனிமை வேண்டியபோது முத்தியாலுப்பேட்டைத் தோப்பை நாடினார். குயில் பாட்டோடு இணைத்துப் பேசப்படுவது அத்தோப்பே.

ஆயினும், தோப்புக்கு நடந்துபோகும் உரிமை எல்லார்க்கும் வாய்த்ததில்லை. பெண் எழுதத் தனியறையும் வருவாயும் வேண்டுமென வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். துவரங்குறிச்சிக் கவிஞர் சல்மா, வீட்டார் அறியாவண்ணம் கழிவறையில் மறைந்து கவிதை எழுதியவர். கதவடைத்துக்கொள்ள அவருக்கு வாய்த்த இடம் அது.

முறைப்பணி முடித்துப் பகலில் உறங்குவோரும் படிக்கும் பிள்ளைகளும் ஓரறையைப் பங்கிடும் வீடுகள் ஆலை நகரில் உண்டு. அங்கே தனியறை கேட்பது எளிதன்று. இடத்தைப் பிரிக்கச் சுவர்தான் வேண்டுமென்பதுமில்லை. மேசையைவிட்டுச் சில அடி விலகிய ஒரு மூலையும், அங்கே தாளைக் கொண்டுசெல்வதில்லை என்னும் உறுதியும் போதும். பழைய வீடுகளில் திண்ணை அவ்வாறு உதவிற்று. பெரும்பாலும் ஆண்களுக்கே உதவிற்று.

ஆதலின் பத்தாண்டு கண்ட வட்டம் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. கூட்டம் நிகழுமிடத்தை வாரத்தில் ஒருநாள், உரையும் விவாதமும் இன்றித் திறந்துவைக்கலாம். அதில் ஒரு பொழுதைப் பெண்களுக்கென்றே ஒதுக்கலாம். வீட்டில் இடமின்றி எழுதாதிருப்போர் எத்தனைபேர் என்பது அப்போது தெரியவரும். இனி வரும் மலர்களில் அவர்தம் பெயர்கள் இடம்பெறட்டும்.