தொட்டியில் கறிவேப்பிலை

தில்லி போன்ற வடநாட்டு நகரங்களில் வாழும் நம்மவர் பலர் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கின்றனர். தை மாதத்தில் அது இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கக் கண்டு, பட்டுப்போயிற்று என்று பிடுங்கி எறிந்துவிடுவதும் உண்டு. நேயர்களே, அவசரம் வேண்டா!

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது, வெப்பத்தை விரும்புவது. கடுங்குளிரில் வளர்ச்சியை நிறுத்தி உறங்குகின்றதேயன்றி, பெரும்பாலும் இறப்பதில்லை. தண்டின் பட்டையை நகத்தால் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே பசுமை தெரிந்தால் உயிர் இருக்கின்றது என்று அறியலாம். வாடைக்காற்று படாமல், தெற்கு வெயில் விழும் சுவரோரம் தொட்டியை வையுங்கள். மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் ஊற்றுங்கள். தேங்கிய நீர் வேரை அழுகச் செய்யும். அப்போது எருவும் வேண்டா.

பங்குனியில் துளிர் கண்டதும் நுனிகளைக் கத்தரித்து, மக்கிய எரு இடுங்கள். நுனியை வெட்டினால் பக்கக் கிளைகள் தோன்றும். செடி உயர்ந்து போகாமல் குட்டையாக அடர்ந்து தழைக்கும். சமையலுக்கு எடுக்கும்போதும் இலையிலையாய் உருவாமல் இணுக்கோடு ஒடித்தெடுங்கள். பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால் தழை பெருகும்.

புதிதாக விதைப்போர், கருத்துக் கனிந்த பழத்தின் விதையை உடனே ஊன்றுதல் வேண்டும். உலர்ந்த விதை விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும்.

ஆகவே, தையில் மொட்டையான செடிக்குப் பங்குனி வரை தவணை கொடுங்கள்.