மார்ச் மாதப் பனியில் ஒரு மலையேற்றம்



அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் அடிரோண்டாக் மலைகள் இருக்கின்றன. அவற்றில் மிக உயர்ந்த மார்சி மலையே 1,629 மீட்டர்தான். சின்ன மலைகள்தானே என்று எண்ணிவிடக் கூடாது. குளிர்காலம் முடியப்போகும் மார்ச் மாதத்திலும் உச்சிப் பகுதிகளில் பனி ஆழமாகக் குவிந்திருக்கும்.

அதில் நடக்க, பூப்பந்து மட்டை போல் அகன்ற பனிக்காலணியைச் சப்பாத்துக்கு அடியில் கட்டிக்கொள்கிறார்கள். உடல் எடை பரவுவதால் கால் அதிகம் புதையாது. அங்குள்ள உயர்சிகரப் பகுதியில் பனி 8 அங்குலம் இருந்தாலே பனிக்காலணியோ சறுக்குப் பலகையோ கட்டாயம். வெறும் சப்பாத்தோடு நடப்பவர் விட்டுச்செல்லும் குழியில் பின்னால் வருபவரின் கால் முறியலாம் அல்லவா? நல்ல விதிதான்!

பாதையை விட்டு விலகி ஏறுவோருக்கு வேறோர் ஆபத்து. ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் அடியில் வெற்றிடம் உண்டாகிறது. மேலே பார்த்தால் சமமான வெண்தரை. மிதித்தால் இடுப்பளவு, சில வேளை மார்பளவு உள்ளே போய்விடுவார்கள். பனிக்காலணி கிளைகளில் சிக்கிக்கொண்டால், தனியாக வந்தவர் மீள்வது கடினம். அனுபவசாலிகள் கூட்டாகப் போவது இதற்காகத்தான்.

காலையில் இறுகியிருந்த பனி நண்பகல் வெயிலில் இளகிவிடும். ஏறும்போது தாங்கிய இடம் இறங்கும்போது தாங்காது. அதனால் திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு செய்கிறார்கள். உச்சி நூறு அடியில் தெரிந்தாலும் நேரம் வந்துவிட்டால் திரும்ப வேண்டியதுதான். அதற்குள் காற்று வீசியிருந்தால் ஏறிவந்த சுவடுகளும் மூடியிருக்கும். பிறகு வரைபடமும் திசைகாட்டியும்தான் துணை.