கழற்றாத தொப்பி

(மறைமலை நகர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே, எங்க தாத்தா ஊருக்குள்ள நுழைஞ்சா தோள்துண்டு இடுப்புக்கு வந்துடும், செருப்பு கைக்கு வந்துடும். 2023இல் வேலையா லண்டன் போனப்ப, டிராஃபல்கர் சதுக்கத்துல ஒரு சிலை முன்னால அவர் ஞாபகம் வந்தது.

இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் ஜான் சிலெம்ப்வே, இன்றைய மலாவி நாட்டுப் போதகர். மற்றவர் சோர்லி, வெள்ளைக்கார மிஷனரி. 1914இல் சிலெம்ப்வே கட்டிய தேவாலய வாசலில் எடுத்த போட்டோவைப் பார்த்து, மலாவியில் பிறந்த சாம்சன் கம்பாலு செய்தது. வெள்ளையன் முன்னால் கறுப்பன் தொப்பி போடக்கூடாத காலம். சிலெம்ப்வே தொப்பியோடு நிற்கிறார். அவர் பக்கத்தில் வெள்ளைக்காரர் சின்னப் பையன் மாதிரி. 1915இல் கலகம் செய்தார், சுட்டுக் கொன்றார்கள். தேவாலயத்தையும் இடித்துவிட்டார்கள்.

அந்தப் பீடம் 1841இல் நான்காம் வில்லியம் ராஜாவுக்காகக் கட்டியது. பணம் பத்தாமல் காலியாகவே கிடந்தது. (ராஜாவுக்கே பணமில்லையாம்!) இப்போது அதில் மாற்றி மாற்றிச் சிலை வைக்கிறார்கள். 2022 செப்டம்பரில் சிலெம்ப்வேயை ஏற்றினார்கள், 2024இல் இறக்கிவிட்டார்கள். 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஹேவ்லாக் மட்டும் அதே சதுக்கத்தில் நிரந்தரம். அவன் கூட்டாளி நீலின் சிலை நம்ம மவுண்ட் ரோட்டில் இருந்தது. அதை அகற்ற 1927இல் போராடினார்கள், 1937இல்தான் எடுத்தார்கள்.

கறுப்பனுக்கு இரண்டு வருஷத் தவணையா என்று எனக்குக் கோபம்தான். ஆனா ஒண்ணு, அந்த இரண்டு வருஷமும் அவரைச் சுத்திக் கம்பி கிடையாது. நம்ம ஊர்கள்ல அம்பேத்கருக்கு மாலை போடணும்னா, கூண்டைத் திறக்கச் சொல்லிக் காத்துக்கிட்டு நிக்கிறோம்.